சஷ்டி நாளில் வந்த பாட்டில்

மூத்திரப் பாட்டிலின் மூடியைத் திறக்காமலே அது எந்தத் தெருவிலிருந்து வந்தது, அந்தப் பெண் முந்தின நாள் என்ன தின்றாள், மாமியாரோடு சண்டையா சமாதானமா என்பதுவரை என் மூக்கு சொல்லிவிடும். சிரிக்காதீர்கள். இந்த மூக்கு ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே லேப் என்று மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து இருந்தது. அந்தப் பொந்தில் இருபத்தெட்டு வருஷம் கர்ப்பிணிகளின் மூத்திரத்தைக் காய்ச்சினேன். பெனடிக்ட் என்று ஒரு நீலத் திரவம். அதில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லாதவளுக்கு நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள். ரொம்ப இருந்தால் செங்கல் சிவப்பு. கொதிக்கும்போது ஒரு நாற்றம் வரும் பாருங்கள், சுவரில் இருந்த பல்லி இரண்டு மயங்கி விழுந்தன. அந்த மேஜையில்தான் நான் தயிர்சாதமும் சாப்பிட்டேன்.

அவர்கள் கொண்டுவரும் பாத்திரங்களோ! கழுவாத ஊறுகாய் ஜாடி. எண்ணெய் மிதக்கும் தலைத்தைலப் பாட்டில். ஒரு மாடவீதி மாமி வெள்ளித் தம்ளரில் வாழையிலை மூடிக் கொண்டுவந்தாள். பிரசாதம் என்று நினைத்து வாட்ச்மேன் அம்மாசி கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பெரிய டாக்டர் சுலோச்சனா. கெட்டிக்காரி, கைராசிக்காரி. ஆனால் லேப் சுவரில் தன் கையால் ஒரு சட்டம் எழுதி ஒட்டியிருந்தாள். மாடவீதி வீடுகள், தி.நகர் கடைக்காரர் வீடுகள், பிரியாணி சாப்பிடும் ராயப்பேட்டை வீடுகள், இவர்களுக்கு மட்டும் சர்க்கரை பார்க்கவும். குப்பத்துப் பெண்களுக்கு வேண்டாம்.

“கூடையைத் தூக்கிண்டு வெயில்ல நடக்கறவளுக்குச் சர்க்கரை எங்கேருந்து வரும், பொன்னுரங்கம்? மருந்தை வீணாக்காதே” என்பாள்.

எழுபத்துமூன்று ஐப்பசி. மழை. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த தனபாலனின் மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஏழாம் மாதம். முதல் பாட்டிலே செங்கல் சிவப்பு. “இன்னொரு தரம் பார்க்கலாம். அதுவும் சிவந்தா படுக்கையில சேர்த்துடணும்” என்றாள் டாக்டர். மறுநாள் மருமகள் வரவில்லை. மாமியார் பேச்சியம்மாள் மட்டும், நெற்றி நிறைய விபூதியோடு, துணி சுற்றிய ஒரு பாட்டிலை நீட்டினாள்.

“கந்த சஷ்டி விரதம். நாலு நாளா எங்க வீட்டுல கவுச்சியே கிடையாதுய்யா. சுத்தமா இருக்கும், பாருங்க.”

மூத்திரத்துக்கு இப்படி ஒரு சிபாரிசு நான் கேட்டதில்லை. வாங்கினேன். மூடியோடு மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. நெத்திலி! காசிமேட்டு வலை மொத்தத்தையும் அந்தப் பாட்டிலில் பிழிந்த மாதிரி. துணியில் ஒரு செதில் வேறு.

“டாக்டரம்மா, இது தி.நகர் இல்ல. மெரினா” என்றேன், பக்கத்தில் நின்றிருந்த டாக்டரிடம்.

“சீ! அதுலேருந்து முகத்தை எடு, குமட்டறது. காய்ச்சு.”

காய்ச்சினேன். மூன்று பேரும் குழாயைப் பார்த்தோம். பச்சை, மஞ்சள் எல்லாம் தாண்டிச் செங்கல் சிவப்பு.

“பார்த்தியா? அவளோடதுதான். மூக்காம் மூக்கு” என்றாள் டாக்டர்.

பேச்சியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அதெப்படித் தாயி சிவக்கும்? மீன்காரிக்கு ஏது சக்கரை?”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்தது இதுதான். பேச்சியம்மாளின் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக் குடும்பம் என்று பேர் வந்தால் மாப்பிள்ளை வீடு ஓடிவிடும். அதனால் தெருவில் மீன் விற்க வந்த தேசம்மாவை மடக்கி, ஒரு பழைய புடவை கொடுத்து, பாட்டிலை நிரப்பி வாங்கியிருக்கிறாள்.

“வயித்துப் புள்ளக்காரியாத்தான் தேடிப் பிடிச்சேன் தாயி. இல்லேன்னா நீங்க கண்டுபிடிச்சிருவியள்லா?”

விரதத்துக்குக் கத்தரிக்காய்கூட அலசி அலசிச் சமைக்கிறவள்! எனக்கு அன்றைக்கு மூத்திரத்தைவிட அந்த விபூதி நெற்றியைப் பார்க்கத்தான் அதிகம் குமட்டியது. மருமகளை உடனே கூட்டிவரச் சொன்னோம். அவளுடையதும் சிவப்புத்தான். படுக்கையில் சேர்த்தோம்.

தேசம்மா? டாக்டர் அசையவில்லை. “பாட்டில்ல முன்னாடி சர்பத் இருந்திருக்கும். மாசமா இருந்தா மூத்திரத்துல சும்மாவும் கொஞ்சம் வரும். விடு.”

நான் விடவில்லை. சாயங்காலம் பேச்சியம்மாளிடம் விசாரித்து, மெரினாக் கரையில் இருக்கும் நொச்சிக்குப்பம் போனேன். நண்டு ஓடும் மணலையும் மீன்குடலையும் மிதித்து, செருப்பில் ஒன்றைச் சேற்றுக்குக் கொடுத்து, தேசம்மாவைக் கண்டுபிடித்தேன். எட்டாம் மாதம். வயிறு பத்தாம் மாதம் போல.

“இன்னா நைனா, அந்தம்மா பொடவயத் திருப்பிக் கேக்குதா?”

“இல்லம்மா. உனக்கு எத்தினி புள்ள?”

சிரிப்பு நின்றது. “ரெண்டு பெத்தேன். ரெண்டும் கொழுகொழுன்னு பொறந்துச்சி, மூச்சு மட்டும் இல்ல. இதாவது தங்கணும் நைனா.”

மறுநாள் அவளை டாக்டர் முன் நிறுத்திப் பழைய கதையையும் சொன்னேன். சர்க்கரை முற்றினால் பிள்ளை பருத்து வயிற்றிலேயே சாகும் என்பது டாக்டருக்குத் தெரியாததா? தேசம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “சரி. குளுக்கோஸ் கொடு. ரத்தம் பார்த்துடலாம்” என்றாள்.

நூறு கிராம் குளுக்கோஸை ஒரு லோட்டா தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிப்பதென்றால், சூடான பசையைக் குடிக்கிற மாதிரி. மூன்று மிடறு இறங்கியது. நாலாவதோடு எல்லாம் திரும்பி வந்தது. அவ்வளவும் டாக்டரின் காஞ்சிப்பட்டில். ஒன்பது கஜமும் ஈ மொய்த்தது. குளத்து ஈ, சைதாப்பேட்டை மார்க்கெட் ஈ எல்லாம் பஸ் பிடித்து வந்தன.

“நாளைக்கு மறுபடி” என்றாள் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். டாக்டர் இரண்டு முழம் தள்ளி நின்றாள். தேசம்மா கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, உள்ளே தள்ளினாள். வாந்தி தொண்டைக்கு வந்தபோதெல்லாம் வயிற்றைத் தடவி, “உனுக்கோசரந்தான்டா” என்று விழுங்கினாள். மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தேன். மூன்று தரமும் கணக்கு எகிறி நின்றது. டாக்டர் தாளை இரண்டு முறை படித்தாள். தங்கபுஷ்பத்துக்கு அடுத்த கட்டிலைத் தேசம்மாவுக்குப் போடச் சொன்னாள்.

ஊசி, அளந்த சாப்பாடு, தினம் நாலு பாட்டில். அந்த மீன்வாசம் எனக்குப் பழகியே போய்விட்டது. மார்கழி முதல் வாரத்தில், நாள் தள்ளாமல் டாக்டரே ஆபரேஷன் செய்தாள். ஆண். நாலரைக் கிலோ, என் கணக்கில் ஏழு. அவன் போட்ட சத்தத்தில் கோயில் புறாவெல்லாம் அடையாறுக்குப் பறந்தது.

வராந்தாவில் நர்ஸுகளைக் கூட்டி என் மூக்கின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறக்கவே இல்லை, மெரினா என்று சொன்னேன் என்றதும் எல்லாரும், “புளுகு” என்றார்கள். நர்ஸ் சகினா நேராக டாக்டரிடமே கேட்டாள். “நீங்க சொல்லுங்க டாக்டர். இவரு விடற ரீல்தானே?”

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தாள். லேப் சுவரிலிருந்து கிழித்த அவள் கையெழுத்துத் தாள், நனைந்து சுருண்டு, கீழே வாளியில் கிடந்தது. உள்ளே தேசம்மாவின் பிள்ளை மறுபடி கத்தினான்.

“இல்லை” என்றாள். “திறக்கலை. மூடி போட்டபடியே சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன்.”