தளர்த்திய நட்டு

ரோசலின் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய நாளிலிருந்து அவள் புருஷன் இஸ்ரவேலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கார் அவனுடையதுதான். ஹூப்ளிக்கு மாற்றலாகிப் போன அண்ணன் விட்டுவிட்டுப் போன சின்னக் கறுப்புக் கார். மைசூர் ரயில்வே பட்டறையில் வரைபடம் போடுகிறவன் இஸ்ரவேல். காரை முதலில் அவனேதான் எடுத்துப் பார்த்தான். நஜர்பாத் வீட்டு வாசலைத் தாண்டியதும் எதிரே வந்த ஜட்கா வண்டிக்கு ஒதுங்கப் போய், அடுத்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் கொண்டுபோய் முட்டினான். அதோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டான். கொட்டகையில் தூசி படிந்து நின்ற காரை ஒருநாள் ரோசலின் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று அவனும் தலையாட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் பர்னபாஸ் மாஸ்டரைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். பர்னபாஸ் பள்ளிக்கூட வாத்தியார். யுத்த காலத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தமிழ்ச் சபைப் பாடகர் குழுவில் ரோசலினுக்குப் பின்வரிசையில் நின்று பாடுவார். குரல் கணீரென்று இருக்கும்.

ஆராதனை முடிந்ததும் இருவரும் லலித மஹால் ரோட்டுப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போவார்கள். இஸ்ரவேல் வராந்தாவில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு வரியும் மண்டையில் ஏறாது. கார் திரும்பி வந்து நின்றதும் ரோசலினின் சிரிப்பு கேட்கும். வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரிப்பாள். அப்படி ஒரு சிரிப்பு இந்த வீட்டுக்குள் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவன் கண்ணில் பட்டதெல்லாம் வேறு மாதிரியாகத் தெரிந்தது. அவள் புடவைக்குக் கஞ்சி போட்டால் யாருக்காக என்று தோன்றியது. மாஸ்டருக்குக் கொடுத்த காப்பியில் டிகாக்‌ஷன் தூக்கலாக இருப்பதுபோல் பட்டது. அவர் மிச்சம் வைத்துவிட்டுப் போன டம்ளரை, சமையலறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு வாய் குடித்தே பார்த்தான். தனக்குக் கொடுத்த அதே காப்பிதான். அப்படியும் மனசு ஆறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவலி என்று சொல்லி அவன் சர்ச்சுக்குப் போகவில்லை. ரோசலின் போன பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். பாட்டரியிலிருந்து வயரைக் கழற்றிப் போட்டால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதனால் முனையைப் பிடித்திருந்த நட்டை லேசாகத் தளர்த்தி மட்டும் விட்டான். விளக்கு எரியும், ஹார்ன் அடிக்கும், ஆனால் இன்ஜினைச் சுற்றிவிடும் அளவுக்குக் கரண்ட் போகாது. ஸ்பானரைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கை கழுவினான். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

ஆராதனை முடிந்து இருவரும் வந்தார்கள். ரோசலின் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினாள். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் 'டக்'.

என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இஸ்ரவேல் வந்து நின்றான். குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

பர்னபாஸ் ஹார்னை அடிக்கச் சொன்னார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது. பாட்டரியில் குறையில்லை, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல்சக்கரம்தான் எங்கேயோ சிக்கியிருக்கிறது என்றார் அவர். கியரில் போட்டு மூவருமாகக் காரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்கள். இஸ்ரவேலும் முக்கி முக்கித் தள்ளினான். ஒன்றும் ஆகவில்லை. கையால் சுற்றிக் கிளப்பும் கம்பி அண்ணனிடமிருந்து வரவே இல்லை. ரோட்டில் இறக்கித் தள்ளிக் கிளப்பிவிடலாம் என்று பர்னபாஸ் சட்டைக் கையை மடித்தார்.

"வேணாம் மாஸ்டர். இங்க தள்ளிக் கிளப்பிடலாம். நாளைக்கு ஏதோ ஒரு கிராமத்துல நின்னுச்சுன்னா யாரு தள்ளுவா? எதனாலன்னு பாத்துடலாம்" என்றாள் ரோசலின்.

முன்விளக்கைப் போட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருக்கும்படி அவரிடம் சொல்லி, பட்டனை அழுத்தினாள். பட்டனை அழுத்திய நொடியில் விளக்கு அடியோடு அணைந்து, விட்டவுடன் பளிச்சென்று எரிந்தது. இரண்டு மூன்று தடவை அப்படியே செய்தாள். பிறகு இறங்கி, பானட்டைத் தூக்கி, பாட்டரியின் இரண்டு முனைகளிலும் விரலை வைத்தாள். ஆஸ்பத்திரி நர்சு வேலையில் குழந்தைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற விரல்கள்.

"இது சில்லுனு இருக்கு. இது சுடுது. கரண்ட் இங்கதான் சிக்குது" என்றாள்.

சுடுகிற முனையைப் பிடித்துத் திருகினாள். அது கையோடு சுற்றியது.

பர்னபாஸ் எட்டிப் பார்த்து, குலுங்கிக் குலுங்கித் தளர்ந்திருக்கும் என்றார். ரோசலின் குனிந்து இரண்டு நட்டுகளையும் பார்த்தாள். போன சனிக்கிழமை இரண்டு முனைகளையும் துடைத்து, இறுக்கி, வாஸ்லின் தடவியவள் அவள்தான். ஒரு நட்டின்மேல் வாஸ்லின் அப்படியே இருந்தது. மற்றதில் வழித்தெடுத்ததுபோல் இரும்பு பளபளத்தது.

"ஏங்க, ஒரு ஸ்பானர் எடுத்துட்டு வாங்களேன்" என்றாள், நிமிராமல்.

இஸ்ரவேல் ஓடிப் போய் எடுத்துவந்து நீட்டினான். நீட்டிய பிறகுதான் உறைத்தது. பெட்டியில் பெரிதும் சிறிதுமாக ஏழெட்டு ஸ்பானர்கள் இருந்தன. எது என்று அவன் கேட்கவில்லை. அந்த நட்டுக்கு உரிய ஒன்றை மட்டும் நேராக எடுத்து வந்திருந்தான்.

ரோசலின் ஸ்பானரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நட்டை இறுக்கினாள். பட்டனை அழுத்தியதும் இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"சபாஷ் சிஸ்டர்! நான் சும்மா மோட்டாரைக் குத்தம் சொல்லிட்டு இருந்தேன்" என்றார் பர்னபாஸ்.

"இன்னைக்கு இவரும் வர்றாரு மாஸ்டர்" என்றாள் ரோசலின். இஸ்ரவேலின் முகத்தைப் பார்க்காமல் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

லலித மஹால் ரோட்டுக்குப் போனதும் பர்னபாஸ் பட்டாளத்துக்காரராக மாறிவிட்டார். கிளட்ச், கியர், கண்ணாடியைப் பார், எருமை மாட்டைப் பார் என்று அதட்டிக்கொண்டே வந்தார். ரோசலினின் பின்கழுத்தில் வியர்வை ஓடியது. திரும்பும்போது ஒரு மாட்டுவண்டிக்கு மயிரிழையில் ஒதுங்கினாள். இஸ்ரவேல் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபிறகுதான் அவள் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். உயிரோடு வந்து சேர்ந்தவளின் சிரிப்பு. பர்னபாஸும் சேர்ந்து சிரித்தார். இப்போது காரணம் தெரிந்திருந்தும், இஸ்ரவேலுக்குப் பழையபடி பொறாமைதான் வந்தது.

மாஸ்டர் விடைபெற்றுப் போனார். ரோசலின் காரை விட்டு இறங்கவில்லை.

"நீங்கதானே?" என்றாள்.

இஸ்ரவேல் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். "நீ அவர்கிட்ட சிரிக்கிற மாதிரி எங்கிட்ட சிரிக்கிறதே இல்ல" என்றான்.

"நீங்க எங்கிட்ட என்ன பேசுறீங்க, நான் சிரிக்கிறதுக்கு? வருணா கிராமத்துப் பக்கம் பிரசவம் பாக்கப் போற வேனுக்கு ஓட்டத் தெரிஞ்ச நர்சு வேணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. போன மாசமே உங்ககிட்ட சொன்னேன். பேப்பர்லேந்து தலையத் தூக்கினீங்களா?"

அவள் சொன்ன ஞாபகமே அவனுக்கு இல்லை. ஆனால் பொய் சொல்கிறவள் இல்லை அவள்.

தப்புதான் என்றான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் அவரு வருவாரா?" என்று கேட்டான்.

"லைசென்ஸ் வாங்குற வரைக்கும் வருவாரு. நீங்களும் பின்னால உக்காந்து வாங்க. இல்ல, வீட்ல இருங்க. ஆனா வண்டியத் தொடாதீங்க."

அவள் கண் கலங்கியிருந்ததை அவன் கண்ணாடியில் பார்த்தான். தன்னால் கலங்கியது என்று தெரிந்தும், மாஸ்டர் முன்னால் கலங்கவில்லையே என்று ஓரத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டான்.

கொட்டகைக்குள் விட வேண்டும், பின்னால் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள் ரோசலின். அவன் இறங்கிக் கொட்டகை வாசலில் நின்று, சுவர் எவ்வளவு தூரம் என்று கை காட்டிச் சொல்ல ஆரம்பித்தான். அவள் காரைப் பின்னுக்கு எடுத்தாள்.