டென்பாச்சியின் முதுகு

ஒகினோ ஊர்க் காவல் நிலையத்துப் பயிற்சிக் கூடத்தில் ஜுஜுட்சு ஆசான் டென்பாச்சி தூக்கி எறியப்பட்டார், ஆனால் கீழே வந்து விழவில்லை. பாய்க்கு மேலே, நெஞ்சு உயரத்தில், மல்லாந்தபடி அப்படியே நின்றுவிட்டார். அந்த வருஷம் மிசோ என்ற சோயா விழுது நல்ல பதமாக வந்திருந்தது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

காவலர்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது, டென்பாச்சி வீட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த ஜுஜுட்சுவா, தோக்கியோவிலிருந்து இளைஞன் கான்சுகே கொண்டுவந்த ஜூடோவா என்று தீர்க்கத்தான் அந்தப் போட்டி. தோற்றவருக்கு வேலையும் இல்லை, பேரும் இல்லை. கான்சுகே அவரை இடுப்பில் ஏற்றிச் சுழற்றியதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் முதுகு பாயில் பட்டால்தான் எறி செல்லும். பாதி வழியில் டென்பாச்சிக்கு அது ஞாபகம் வந்தது. முதுகைக் கொடுக்க மனம் வரவில்லை. எறிந்தவன் எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்துத் தலை அடிபடாமல் காக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே கான்சுகேயும் பிடித்தபடி நின்றான். போட்டி முடியாமல் வேறு யாரும் பாயில் கால் வைக்கக்கூடாது. டென்பாச்சியின் மனைவி ஒட்சுனே சோற்று உருண்டைகளை மூங்கில் நுனியில் குத்தி, ஓரத்தில் நின்று இருவருக்கும் நீட்டினாள். மற்ற காரியங்களை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டவர்களுக்கு ஊரில் யாரும் பதில் சொன்னதில்லை. வருஷங்கள் போயின. காவலர்கள் பாயைச் சுற்றி வராந்தாவில் பயிற்சி செய்தார்கள். மேலே இருந்தவர் ஒன்று சொல்வார், கீழே நின்றவன் வேறொன்று சொல்வான். திருடர்கள் பிடிபட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு வாள்காரர்கள் வந்தார்கள். வாள் கட்டத் தடை வந்த நாள் முதல் ஹிரோபேயின் வாள் பள்ளியில் சோயா பீப்பாய்களைத்தான் அடுக்கியிருந்தார்கள். டென்பாச்சியின் அப்பா சாவுக்குக்கூட வராத அந்த மனுஷர், பாய் ஓரமாக வந்து குனிந்து வணங்கினார்.

"நீங்க மிதக்கிறது எங்க வாள்வித்தையில ஒரு நிலைதான். கையில வாள் இல்ல, அவ்வளவுதான்."

"நேத்து வரைக்கும் இது வாள் ஒடைஞ்சவன் பொழப்புன்னு சொன்னீங்களே ஐயா."

"அது ஒரு அன்புல சொன்னது."

ஈட்டிக்காரர் வந்து, இது ஈட்டியிலிருந்து போனது என்றார். வில்காரர், நாணை இழுத்து நிறுத்துவதும் இதுவும் ஒன்றே என்றார். கடைசியில் ஹிரோபே ஒரு பலகை எழுதி எடுத்து வந்தார். டென்பாச்சி தன் பள்ளியின் கிளை என்று அதில் இருந்தது. வாசலில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டதும் டென்பாச்சியின் முகம் கறுத்தது.

"தம்பி, என்னைக் கீழ இழு."

"மறுபடி இழுத்தா அது ரெண்டாவது எறி வாத்தியாரே. விதியில இல்ல."

"அப்ப கைய விடு."

"விட்டா உங்க தலை அடிபடும். புடிச்சுக்கணுங்கிறது எங்க வழக்கம்."

"அது எங்க வீட்லேர்ந்து போன வழக்கம்டா."

"தெரியும். அதான் விடல."

ஒட்சுனே மூங்கிலைக் கீழே வைத்தாள். "இறங்குங்க. தோத்தா முள்ளங்கி போட்டுப் பொழச்சுக்கலாம். என் தோள்பட்டை போச்சு."

வாள்காரனுக்குக் கிளையாவதைவிட வித்தை வழிச் சொந்தக்காரனிடம் தோற்பது மேல் என்று டென்பாச்சி முடிவு கட்டி, உடம்பைத் தளர்த்தினார். முதுகு பாயில் விழுந்த சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. கான்சுகே நடுவரைப் பார்த்தான். பழைய நடுவர் முந்தின குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார், வந்திருந்தவர் புதியவர்.

"விழுந்ததப் பார்த்தேன். எறிஞ்சத நான் பார்க்கல," என்றார் அவர். "பாதிக்கு எப்படித் தீர்ப்பு சொல்றது? வணங்கிட்டு மறுபடி ஆரம்பிங்க."

இருவரும் வணங்கினார்கள். இத்தனை வருஷம் படுத்தே கிடந்த டென்பாச்சிக்கு உடம்பில் களைப்பே இல்லை. கான்சுகேயின் கையோ மரத்துப் போயிருந்தது. ஒரே பிடியில் அவனைத் தூக்கி எறிந்தார். அவன் மேலே போனான். போகும்போது வேலை, பேர், தோக்கியோ எல்லாம் நினைத்திருப்பான் போல. கீழே வரவில்லை. டென்பாச்சி அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹிரோபே பலகையைக் கழற்றி, பேர் மாற்றி எழுத எடுத்துப் போனார். ஒட்சுனே மிதக்கிறவனைப் பார்த்தாள்.

"அந்தத் தம்பிக்குப் பிளம் ஊறுகாய் ஆகாது, உருண்டைக்குள்ள வைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, மூங்கிலைக் கழுவப் போனாள்.