அக்கா எங்கே?

"மூளை ஒரு சாப்பாட்டு ராமன்" என்றுதான் அத்தான் வகுப்பைத் தொடங்குவார். உயரத்தில் காற்று குறைந்தால் என்ன ஆகும் என்று புது விமானிகளுக்குக் காட்டுவது அவர் வேலை. இரும்பு அறைக்குள் மூச்சுக்காற்று முகமூடியைக் கழற்றிவிட்டு உட்காருவார். வெளியே, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி காற்றைக் குறைப்பதும் கூட்டுவதும் நான், அவர் மனைவியின் தம்பி.

"உடம்பு எடையில அம்பதுல ஒரு பங்குதான். ஆனா மூச்சுக்காத்துல அஞ்சுல ஒரு பங்கை முழுங்கிடும். சேத்து வைக்கத் துப்பில்ல. காத்து குறைஞ்சா ரத்தத்தைக் கூடுதலா இழுக்கும். அதுவும் பத்தலைன்னா, உயிர் பிழைச்சா போதும்னு ஒவ்வொரு வேலையா நிறுத்திடும். முதல்ல போறது நிதானம். போனதே நமக்குத் தெரியாது."

உள்ளே இருப்பவரிடம் நான் மைக்கில் கேள்வி கேட்க வேண்டும். பதில் பிசகினால் காற்றைத் திறக்க வேண்டும். முன்பெல்லாம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வேன். அக்கா இறந்த பிறகு அத்தான் சொன்னார்: "கணக்கு எனக்கு மனப்பாடம் மாப்ளே. மயங்கி விழுற வரைக்கும் சரியா சொல்லிடுவேன். உங்க அக்கா எங்கேன்னு கேளு. அது மட்டும் இன்னும் மனப்பாடம் ஆகல."

இந்த மனுஷனுக்கு எதில்தான் விளையாட்டு இல்லை! ஆனாலும் கேட்டேன். முதலில் "இறந்துட்டா" என்பார். காற்று குறையக் குறைய முகம் தெளியும். "வீட்லதான் இருக்கா" என்று சிரிப்பார். நான் வால்வைத் திறப்பேன். சிரிப்பு அணையும். ஒவ்வொரு வகுப்பிலும் என் கையாலேயே அக்காவைச் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று கேட்டபோது பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தார். "இதோ இருக்காளே."

பிசகிய பதில். கை வால்வில்தான் இருந்தது, திருப்பவில்லை. என் பக்கம் காற்று தாராளமாக இருந்தது, புத்தி கெட வழியே இல்லை. இருந்தும் கேட்டேன்: "என்ன சொல்றா?"

அவர் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"'வாயைப் பொளந்துக்கிட்டு என்ன வேடிக்கை, தொறந்து விடுடா'ங்கிறா."

அக்காவேதான். என்னை அப்படித் திட்ட வேறு யாருமில்லை. திறந்துவிட்டேன்.

அவர் கன்னத்தில் ரத்தம் திரும்பியது. பக்கத்து இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"என்னடா சொன்னேன்?"

"இறந்துட்டான்னு சொன்னீங்க அத்தான். கடைசி வரைக்கும்."

வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "அப்போ மனப்பாடம் ஆயிடுச்சு. இனிமே கணக்கையே கேளு."

நான் கண்ணாடி வழியாக அந்தக் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.