சீசனுக்கு முன்னாடி

ஒருவன் தூங்கி எழுந்த படுக்கையைப் பார்த்தால் அவன்மேல் இருக்கும் மரியாதை போய்விடும். நான் தினமும் அதைத்தான் பார்க்கிறேன். லாட்ஜின் அடித்தளத்தில் எங்கள் சலவைக்கூடம். மேல்மாடிகளிலிருந்து தகரக் குழாய் வழியாக விரிப்புகளும் தலையணை உறைகளும் வந்து விழும். கறையைப் பார்த்துப் பிரித்துக் குவிப்பது என் வேலை. ரத்தம் தனி, எண்ணெய் தனி, மற்றது தனி. மற்றது என்னவென்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்குப் போனால் மச்சான். என் மனைவியின் அண்ணன். ஒரு பக்க நுரையீரலை வெட்டி எடுத்த பிறகு, தங்கை வீடே கதி என்று வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்களுக்கு இருப்பது ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. அவர் கட்டிலில், நாங்கள் தரையில். கட்டிலுக்கடியில் மூடி போட்ட ஒரு டப்பா. காறுவார், மூடியைத் திறப்பார், துப்புவார், மூடுவார். நான் சாப்பிடும்போதும் இது நடக்கும். நான் தட்டைத் தள்ளி வைப்பேன். நீ பார்க்காத சளியா மாப்ளே என்று சிரிப்பார். சிரித்தால் இன்னொரு தடவை டப்பா திறக்கும்.

அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது என் தலையில் விழுந்த வேலை. கடைசியாகப் போனபோது நர்ஸம்மா என்னையும் உட்காரச் சொன்னாள். இவருக்கு ஃப்ளூ வந்தால் மிச்சமிருக்கும் நுரையீரல் தாங்காது, ஊசி போட்டாலும் இவர் உடம்பில் அது அரைகுறையாகத்தான் வேலை செய்யும், அதனால் கூட இருப்பவர்களும் வருஷாவருஷம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். எப்போது போடுவது என்று கேட்டேன்.

"சீசனுக்கு முன்னாடி போட்டுடுங்க. ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும். அதுக்காக ரொம்ப சீக்கிரமும் வேணாம், வேகம் குறைஞ்சிடும்."

அவள் தெளிவாகத்தான் சொன்னாள். எனக்கும் தெளிவாகத்தான் புரிந்தது. லாட்ஜில் வேலை செய்பவனுக்கு சீசன் என்றால் ஒன்றுதான். பள்ளிகளை மூடுவார்கள், ஊர்சுற்ற வருபவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள், எல்லா அறையும் நிரம்பும், எங்களுக்கு லீவு கிடையாது. அந்தத் தேதியிலிருந்து மூன்று வாரம் பின்னால் எண்ணி, காலண்டரில் ஒரு வட்டம் போட்டேன். இரண்டு வாரம் ஊசிக்கு, ஒரு வாரம் கைக்காவலுக்கு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவி மறுவாரமே போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நீங்க எப்போ, நீங்க எப்போ என்று தினமும் நச்சரித்தாள். காலண்டரைக் காட்டினேன். சீக்கிரம் போட்டால் வேகம் குறைந்துவிடும் என்று நர்ஸம்மா சொன்னதை அவளுக்கே பாடம் எடுத்தேன். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அண்ணனிடம் சொன்னபோது, ஊசிக்குப் பயப்படுகிறவன் நல்ல நாள் பார்ப்பது வழக்கம்தான் என்றார். சொல்லிவிட்டு மடித்து வைத்திருந்த வெள்ளை விரிப்பின்மேல் தும்மினார். நான்கு நாளாகத் தும்மிக்கொண்டுதான் இருந்தார்.

வட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்று காலை குழாயில் வந்து விழுந்த மூட்டை கனத்தது. மூன்றாம் மாடியில் ஏதோ கூட்டத்துக்கு வந்து தங்கியவர்களின் படுக்கைகள். விரிப்புகள் வேர்வையில் ஊறி வாடை அடித்தன. தலையணை உறைகள் காய்ந்து அப்பளமாக விறைத்திருந்தன. உதறினேன். கசங்கிய டிஷ்யூ உருண்டைகள் கொட்டின. ஒன்று கிழிந்த கையுறைக்குள் புகுந்து விரலில் ஒட்டியது, இன்னும் ஈரமாக. கையுறையைக் கழற்றி எறிந்தேன். அறை கூட்டும் பெண்ணைக் கேட்டேன். எட்டு அறையிலும் காய்ச்சல், எழுந்து நிற்க ஆளில்லை என்றாள்.

கையை மூன்று தடவை கழுவிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடினேன்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்றாள் நர்ஸம்மா. "சீசன் ஆரம்பிச்சு பத்து நாள் ஆச்சு."

"இன்னும் ஒரு மாசம் இருக்கேம்மா."

"எதுக்கு?"

"சீசனுக்கு."

என் சட்டையில் இருந்த லாட்ஜின் பெயரைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "நான் சொன்னது காய்ச்சல் சீசன்" என்று மெதுவாகச் சொல்லி ஊசியைக் குத்தினாள். இனி ரெண்டு வாரத்துக்கு அவர் பக்கத்தில் போக வேண்டாம் என்றாள். நேற்று இரவு அவர் கட்டிலுக்குக் கீழேதான் படுத்திருந்தேன் என்பதை நான் சொல்லவில்லை.

மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அப்போ வராதீங்க" என்று வைத்துவிட்டாள்.

எங்கே போவது? எங்கள் வாசலுக்கு வெளியே, படிக்கட்டு திரும்பும் இடத்தில் பாயை விரித்தேன். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கொளுத்தியது. போனவன் வந்தவன் சளியையெல்லாம் கையால் பிரித்தவன் நான். ஆனால் என் மூக்கிலிருந்து வந்தது வேறு எதையும்விட அருவருப்பாக இருந்தது. பச்சையும் மஞ்சளுமாக, நிற்காமல். மாடி வீட்டுக்காரர்கள் முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்கில் வைத்து, என்னைச் சாக்கடைபோலத் தாண்டிப் போனார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. நானும் அப்படித்தான் தாண்டியிருப்பேன்.

எனக்கு வந்தது என்னை ஒன்றும் செய்யாது. உள்ளே அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. அதற்காக ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு அவரைக் கொன்றவன் என்ற பெயரும் எனக்கு வேண்டாம்.

தினமும் காலையில் மனைவி அவருக்கு ஜுரம் பார்த்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணைச் சொல்வாள். தொண்ணூத்தெட்டு. மறுநாளும் தொண்ணூத்தெட்டு. அதற்கடுத்த நாள் கொஞ்சம் கூட. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் காலை சத்தமே வரவில்லை. எழுந்து கதவருகே போனேன். கைப்பிடியைத் தொடப் பயந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். குரல் உடைந்தது எனக்கே கேட்டது.

"தொண்ணூத்தெட்டு" என்றது மச்சானின் குரல், கதவுக்கு அந்தப் பக்கம் மிக அருகில். "நான்தான் இவளைப் பேசாதேன்னேன். பயந்துட்டியா மாப்ளே?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் முடிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வழக்கமான இருமல்தான்.

"சீ" என்றேன். பாய்க்குத் திரும்பி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.