நடுக்கரை

ராசிபுரத்துக்குத் தெற்கே, இரண்டு ஓடைகளுக்கு நடுவில் முப்பது வீடுகளோடு கிடக்கிறது நடுக்கரை. ஒரு காலத்தில் ஓடைகளுக்கு மேற்கே ஒரு பாளையம், கிழக்கே ஒரு பாளையம். இரண்டு பாளையக்காரர்களும் இந்த மண்ணுக்காக வெட்டிக்கொண்டு ஓய்ந்து, கடைசியில் காளி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்களாம்: இங்கே எவரும் வரி கேட்பதில்லை, ஓடை தாண்டி அடைக்கலம் வந்தவரைத் தொடுவதில்லை. பாளையங்கள் போயின, வெள்ளைக்காரனும் போனான். இப்போது நடுக்கரைக்காரர்களும் வீட்டு வரி கட்டுகிறார்கள். சத்தியத்தில் பின்பாதி மட்டும் மிச்சம்.

கந்தம்மாள் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த வீடு மேற்கு ஓடைக்கு அப்பால், கூப்பிடு தூரம். வைகாசியில் ஒரு நாள் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். அண்ணன் மகள் அகல்யா வரப்பில் ஓடிவந்தாள். பின்னால் யோகேஷ். அவளோடு வேலை பார்ப்பவன், வேறு சாதி. முந்தின நாள்தான் பதிவுத் திருமணம் முடித்திருந்தார்கள்.

"அத்தை, அப்பா ஆளுங்களோட வாராரு."

கந்தம்மாள் மோட்டாரை நிறுத்தி, இருவரையும் வீட்டுக்குள் விட்டுவிட்டு ஓடைக்கு நடந்தாள். அக்கரையில் அண்ணன் குமாரசாமி நான்கு பேரோடு நின்றிருந்தார்.

"கந்தம்மா, புள்ளைய வெளிய அனுப்பு."

"முடியாதுங்கண்ணா."

"நான் உன்ற கூடப் பொறந்தவன்."

"ஆமாங்க. அதனாலதான் கூப்புடறேன். கோவத்த அங்கயே உட்டுட்டு உள்ள வாங்க. சோறாக்கி வெச்சிருக்கறேன்."

கூட வந்தவன் ஒருவன் ஓடைக்குள் இறங்கினான். குமாரசாமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கப்பன் உசுரு தப்புனதே இந்தக் கரையிலதான்டா. ஏறு மேல."

கந்தம்மாளுக்கும் அது தெரியும். சொல்லிக்காட்ட மனம் வரவில்லை. ஆட்கள் கிளம்பிப் போனார்கள். பொழுது சாயும்வரை குமாரசாமி அக்கரை வேம்படியில் உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்து போனார்.

மறுநாள் கந்தம்மாளின் கணவர் செங்கோடன், அகல்யாவையும் யோகேஷையும் சேலம் கூட்டிப்போய்ச் சூரமங்கலத்தில் வீடு பிடித்துக் கொடுத்தார்.

ஆவணியில் கந்தம்மாளின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கப் போனவளுக்கு அண்ணன் வீட்டில் கதவு திறக்கவில்லை. தாய்மாமன் சீரை ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் செய்தான். அன்றைக்கு அகல்யாவை அனுப்பியிருக்கலாமோ என்று கந்தம்மாளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. மணவறைப் பக்கம் பார்க்கத்தான் முடியாமல், முகூர்த்தம் முடியும்வரை பந்தியிலேயே நின்றிருந்தாள்.