கீழ்த்தள வீடு

தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியின் முடிச்சைப் பொன்ராஜ் அவிழ்த்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவன்தான் கட்டியிருந்தான். அவிழ்த்ததும் அக்கா மங்கம்மாவின் வாய் மெல்லத் திறந்துகொண்டது. பயந்துபோய் வலது உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து மூடினான்.

"கைய எடுத்தா தொறந்துக்குது பூவக்கா."

"அப்ப எடுக்காத. அப்பிடியே புட்ச்சிகினு குந்து. தலவலிக்குத் தைலம் தேச்சி வுடற மாரி இருக்கட்டும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பூவம்மா. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியை அவள் அறுத்தாயிற்று. நெற்றிக்காசை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாயிற்று. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

மங்கம்மா காலை ஆறரைக்குப் போய்விட்டாள். டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தவள், "நெஞ்ச அடைக்குதுடா" என்றாள், சுவரில் சாய்ந்தாள், அவ்வளவுதான். அறுபத்தாறு வயசு. திருவொற்றியூர் மார்க்கெட்டில் முப்பது வருஷம் மீன் வெட்டியவள், ஒருநாளும் யாரையும் காக்கவைத்ததில்லை. சாவதற்கு மட்டும் பார்த்துப் பார்த்து இப்படியொரு நாளைப் பிடித்தாள். ஒன்பது மணிக்குக் குடிசை மாற்று வாரியத்திலிருந்து ஆள் வருகிறது. நேற்று போனில் வந்த செய்தியைப் பொன்ராஜ் பத்துத் தடவையாவது படித்திருப்பான். நேரடி ஆய்வு, மனுதாரர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும்.

மனுப் போட்டவள் அக்கா. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கும் கீழ்த்தள வீட்டுக்காக மூன்று வருஷம் நடந்தாள். இந்த வீடு குப்பத்தின் கடைசி வரிசை. பின்சுவரில் பாதியைக் கடல் தின்றுவிட்டது, மீதியை மழைக்கு முன்னால் இடிக்கப்போகிறார்கள். பொன்ராஜுக்கு இரண்டு கால்களும் குழந்தையிலேயே போலியோவில் போனவை. விம்கோ நகர் ஸ்டேஷன் வாசலில் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து போன் கவர் விற்கிறான். வீட்டுக்குள் கையை ஊன்றித்தான் நகர்வான். நாலாவது மாடியில் வீடு கொடுத்தால் நாலு பேர் சேர்ந்து ஒருநாள் தூக்கிப்போய் வைத்துவிடுவார்கள். மறுநாள் யார் இறக்குவது?

போன வருஷம் இதே குப்பத்து ரகுபதியின் அம்மா ஆய்வுக்கு நாலு நாள் முன்னால் தவறிப்போனாள். மனுதாரர் இல்லையென்று மனுவை மூடிவிட்டார்கள். ரகுபதி மறுபடி முதலிலிருந்து நடந்துகொண்டிருக்கிறான். குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அதனால்தான் பூவம்மா கதவைச் சாத்திவிட்டு, "ஒம்போது மணி வரிக்கும் வாயத் தொறக்காத. அப்பால அயுதுக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். சங்கு இல்லை, மேளம் இல்லை, ஐஸ் பெட்டிக்கும் சொல்லவில்லை.

ஆனால் குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு போட்டும் கடலில் இறங்கக் கூடாது. பிணத்தை வைத்துக்கொண்டு இறங்கினால் கடல் சும்மா விடாது என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏழு மணிக்கு இன்ஜின் சத்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனதை இருவரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் பூவம்மாவின் மகன் குணசேகரனும் போயிருந்தான்.

"குணா போட்டும் பூட்ச்சாக்கா?"

"பூட்ச்சி. அத்த இப்ப கேக்காத" என்றாள்.

அவன் அக்காவின் கைவிரல்களைப் பார்த்தான். "ரேகை கேப்பாங்களேக்கா. அக்காவுக்கு விழாதே."

செதிலும் உப்பும் தேய்த்துத் தேய்த்து மங்கம்மாவின் விரல்களில் ரேகையே கிடையாது. ரேஷன் கடையில்கூடக் கண்ணைக் காட்டித்தான் வாங்குவாள். இரண்டு பேரும் மூடிய இமைகளைப் பார்த்தார்கள்.

"கேட்டா நான் தொறந்து புடிக்கறேன். நீ அந்தாண்ட பாத்துக்க."

"வாணாக்கா. தெரிஞ்சா ஜெயில்ல போட்டுடுவாங்க."

"போடட்டும். அங்கியாவது கீய வெப்பாங்க உன்ன."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. காகிதங்களையெல்லாம் எடுத்து வைக்கும்போது அவனுடைய மாற்றுத்திறனாளி அட்டை மட்டும் பெட்டியில் இல்லை. போன வாரம் பஸ் பாஸுக்கு என்று அக்கா வாங்கிப்போயிருந்தாள். பூவம்மா மங்கம்மாவின் சுருக்குப்பையில் கைவிட்டு எடுத்தாள். அட்டையில் மீன் வாடை அடித்தது.

ஒன்பதே காலுக்குக் கதவு தட்டினார்கள்.

"பொன்ராஜ் வீடு இதுதானே? நான் சினேகா, ஆய்வுக்கு வந்திருக்கேன்."

கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், காலில் மணல் அப்பிய ஷூ. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. படுத்திருப்பவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா தூங்குறாங்களா?"

"ஒடம்பு சரியில்லமா. ராவெல்லாம் இருமினு கெடந்துச்சி" என்றாள் பூவம்மா.

சினேகா சுவரைப் படமெடுத்தாள், கூரையைப் படமெடுத்தாள். பின்பக்கம் போய்க் கடலைப் படமெடுத்தாள். அக்காவின் உதட்டில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. பொன்ராஜ் குனிந்து ஊதினான், அது மறுபடி வந்தது. அறைக்குள் மூச்சுச் சத்தம் கேட்கவில்லையே என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றிவிடுமோ என்று பயந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே சத்தமாக மூச்சு விட்டான். கைக்கு அடியில் தாடை குளிர்ந்துகொண்டே வந்தது.

"சரி, ரேகை வச்சிட்டா முடிஞ்சது" என்று சினேகா மெஷினை எடுத்தாள்.

பூவம்மாவின் கை போர்வையை நோக்கிப் போனது.

"அவங்கள எழுப்பாதீங்க. மனுதாரர் இவர்தானே?"

பூவம்மாவின் கை பாதியில் நின்றது.

"போன வாரம் முகாமுக்கு வந்தாங்களே, உங்ககிட்ட சொல்லலையா? பத்து விரலும் வச்சுப் பாத்தோம், ஒண்ணுகூட விழல. இப்ப கண்ணுல புரை வேற, அதையும் மெஷின் எடுக்கல. அப்ப எந்தம்பி பேருக்கே மாத்திடும்மான்னு அட்டைய எடுத்துக் குடுத்தாங்க. ஏன் மாத்துனன்னு கேட்டு அவன் பயந்துக்குவான், நானே மெதுவா சொல்லிக்கிறேன்னாங்க." டேப்லெட்டைப் பார்த்தபடியே மெஷினை நீட்டினாள். "வலது கட்டைவிரல் வைங்கண்ணா."

வலது கை தாடைக்குக் கீழே இருந்தது.

"லெஃப்ட்டு வெக்கட்டாமா?"

"இல்லண்ணா, வலதுதான் கேக்குது."

பொன்ராஜ் கையை எடுத்தான். கட்டைவிரலை வைத்தான். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஈரமா இருக்கு. தொடச்சிட்டு வைங்க."

லுங்கியில் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தான். பச்சை எரிந்தது. சினேகா நிமிர்ந்தாள். மங்கம்மாவின் வாய் முழுக்கத் திறந்திருந்தது, உள்ளே ஒரு ஈ போய் வந்தது. சினேகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். கதவோரம் நின்ற பூவம்மாவும் பார்த்தாள்.

"முடிஞ்சிதாமா?" என்று கேட்டான்.

"முடிஞ்சதுண்ணா. கீழ்த்தளம்னு போட்டாச்சு."

பூவம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். "டேய் குணா, போட்டத் திருப்புடா. எல்லாருக்கும் சொல்லு, திருப்பச் சொல்லு. மங்கக்கா பூட்ச்சிடா" என்று கத்தினாள்.

பொன்ராஜ் தலையணைக்கு அடியிலிருந்து துணியை எடுத்தான். ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுற்றினான். முடிச்சுப் போட இன்னொரு கை வேண்டியிருந்தது. விட்டால் திறந்துகொண்டது, பிடித்தால் துணி நழுவியது.

சினேகா டேப்லெட்டைத் தரையில் வைத்தாள். வாசலுக்குப் போய் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து, மண்டியிட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டாள்.