ஆறாவது ஊசி

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்தவராயன் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவன் முழங்காலின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல சார்."

"இங்க?"

"ஒண்ணுமில்ல சார்." சொல்லும்போதே மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது.

"வலிக்கிற எடத்துலதான்யா ஊசி. நீ மறைச்சா நான் எங்க குத்தறது?"

அவனுடைய மீனவர் குப்பத்தில் வலிக்கிறது என்று சொன்னவனைக் கடலுக்குக் கூப்பிட மாட்டார்கள். காத்தவராயன் தயங்கித் தயங்கிச் சுண்டுவிரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினான்.

எழுபத்து நாலு தை மாதம், புதுப்பட்டினத்துக்கு அடுத்த அந்தக் குப்பத்தில் கட்டுமரத்தைக் கரையேற்றும்போது, அலை தூக்கியடித்த மரம் அவன் முழங்காலில் பக்கவாட்டாக மோதியது. எலும்பு முறியவில்லை; மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார் நைந்துபோனது. இரண்டு முறை மாவுக்கட்டு போட்டும் மணலில் கால் நிற்கவில்லை. கடைசியில் இந்த டாக்டர் சர்க்கரைத் தண்ணீரை ஊசியில் ஏற்றத் தொடங்கினார். போட்ட இடம் மூன்று நாள் வீங்கும், பிறகு உள்ளே இறுகும் என்றார். செவ்வாய்தோறும் ஒன்று, மொத்தம் ஆறு. சீட்டில் ஆறு கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அன்று ஐந்தாவது கட்டத்தில் குறி போட்டார்.

"ஆறாவதுதான் கெட்டிப்படுத்தும். அதுக்கு முன்ன மண்டி போட்டே, எல்லாம் வீண்."

கட்டுமரத்தில் மண்டியிட்டுத்தான் துடுப்புப் போட முடியும். முன்பக்கத்தில் அவன் இருந்த இடத்தில் பத்து மாதமாக லட்சுமணன் இருந்தான். மரமும் வலையும் ஜம்புலிங்கத்துடையவை.

அடுத்த திங்கள் மாலை ஜம்புலிங்கமே வாசலில் வந்து நின்றார். "இன்னாடா, முட்டில பாயசம் ஊத்திகினு வர்றியாமே?"

"நாளையோட முடியுது அண்ணாத்த. புதன்கெழம மரமேறிடறேன்."

"போட்டா மூணு நாள் வீங்கும்னு நீதான சொன்ன? மீனு பட்டுகினு கீது. நாளைக்கி வுடியச்சொல்ல வந்து, மரம் கட்டி முடியறமுட்டும் மண்டி போட்டுக் காட்டு. எடம் உன்னுது. இல்லாங்காட்டி லட்சுமணனுக்கே."

அவர் போனதும் மனைவி தெய்வநாயகி சீட்டை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "ஆறரைக்கு பஸ்ஸு. நான் ரோட்டாண்ட நிக்கறேன். செத்த நேரம் மண்டி போட்டா ஒண்ணும் ஆவாது, காட்டிட்டு ஓடியாந்துடுய்யா. ரெண்டையும் வுடக் கூடாது."

"வுடமாட்டேன்."

விடிந்தபோது ஈரமணலில் காத்தவராயன் மண்டியிட்டிருந்தான். கட்டுமரத்தின் ஐந்து மரங்களையும் சேர்த்துக் கயிறு இறுக்கினார்கள். ஜம்புலிங்கம் கயிற்றைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி முடிச்சு விழுந்ததும் குனிந்து, முழங்காலின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல அண்ணாத்த."

"நல்லாத்தான கீது! அப்புறம் ஊசி இன்னாத்துக்கு? ஏறு."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு..."

"லட்சுமணா, துடுப்ப எடு."

லட்சுமணன் குனிவதற்குள் காத்தவராயன் துடுப்பைப் பிடித்துவிட்டான்.

முதல் அலையைத் தாண்டும்போது அவன் முன்பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். துடுப்பு பிசகாமல் விழுந்துகொண்டிருந்தது. ரோட்டில் செங்கல்பட்டு பஸ் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. தெய்வநாயகி ஒரு காலைப் படியில் வைத்து, கடலைப் பார்த்தபடி சீட்டை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"ஏம்மா, ஏறுவியா, மாட்டியா?" என்றான் கண்டக்டர்.

அவள் படியிலிருந்து காலை எடுத்தாள்.